இரண்டு விரல்: எழிற்கையா, பொருட்கையா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு படம் எடுத்தார்கள். கோலப் போட்டியிலும் குறள் ஒப்பித்தலிலும் பரிசு வாங்கிய 14 பிள்ளைகள் மேடையில் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். படம் எடுத்தவர் மராட்டியர். "ஸ்மைல்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்ததோடு நிற்காமல், 9 பேர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கவட்டைபோல விரித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கினார்கள். படம் நன்றாகவே வந்திருந்தது.

மலர்க்குழுக் கூட்டத்தில் அந்தப் படத்தை மேசைமேல் வைத்ததும் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது சங்க மலரா, கட்சி மலரா?" என்று கேட்டார். எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. "இரட்டை இலையைக் காட்டிக்கிட்டு நிக்கிதுக பிள்ளைங்க. இதைப் போட்டா நாளைக்கு இன்னொரு கட்சிக்காரன் வந்து எங்க சின்னம் எங்கேன்னு கேப்பான். சங்கத்துக்குள்ள கட்சி வேண்டாம்னு இத்தனை வருஷமாக் கட்டிக் காத்திருக்கோம்" என்றார். அவர் 1974இல் திண்டுக்கல் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். அந்தப் பயம் வெறும் பிடிவாதம் அல்ல. ஒரு காலத்தில் எந்தத் தலைவரை விழாவுக்கு அழைப்பது என்ற சண்டையில் சங்கம் உடைய இருந்ததை நேரில் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

நானும் தலையை ஆட்டினேன். விரலை மட்டும் வெட்டிவிடலாமா என்று பார்த்தோம். விரல் போனால் பாதி முகமும் போயிற்று. சரி, படமே வேண்டாம், பெயர்ப் பட்டியல் போதும் என்று முடிவாயிற்று.

அன்று மாலை, படத்தில் முன் வரிசையில் நிற்கும் ஒரு சிறுமியை அவள் அப்பாவோடு ரயில் நிலையத்தில் பார்த்தேன். அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. "மலர்ல போட்டோ வரும் இல்ல, அங்கிள்? என் பிரெண்ட்ஸ் எல்லாரும் இருக்கிற ஒரே போட்டோ அதுதான்" என்றாள். பதில் சொல்ல முடியாமல், "ஏம்மா, எதுக்கு எல்லாரும் ரெண்டு விரலைத் தூக்குனீங்க?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மாதான். போட்டோ எடுக்கும்போது கையை என்ன பண்றதுன்னு தெரியாதுல்ல?" என்றாள்.

இந்தப் பதில் என்னை விடவில்லை. சைகைகளைப் பற்றி நான் படித்த புத்தகம் எதிலும் இந்தப் பதிலுக்கு இடம் இருந்ததாக நினைவில்லை. அந்தப் புத்தகங்களையும், சைகையைப் பற்றிய நம் பொது எண்ணத்தையும் இந்தப் பதிலை வைத்துக் கொஞ்சம் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியல்களின் குறை

வெளிநாட்டுக்குப் போகும் ஊழியர்களுக்குக் கம்பெனிகளில் ஒரு பாடம் நடத்துவார்கள். எந்த நாட்டில் எந்தச் சைகையைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல். இரண்டு விரலைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் அது சமாதானம். இங்கிலாந்தில் உள்ளங்கை வெளியே தெரிந்தால் வெற்றி, புறங்கை வெளியே தெரிந்தால் கெட்ட வசவு. ஜப்பானில் படம் எடுக்கும்போது காட்டுவது. இந்தியா என்ற கட்டத்தில் பெரும்பாலும் "வெற்றி" என்று ஒரே சொல்.

அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் நம் திண்டுக்கல் பெரியவரையும் மும்பைச் சிறுமியையும் எப்படி அடைப்பது? இருவரும் ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே சங்கம். நாட்டுக்கு ஒரு பொருள் என்ற கணக்கு முதல் அடியிலேயே இடறி விழுகிறது.

இந்தத் துறையில் மதிக்கத்தக்க நூல் ஒன்று உண்டு. டெஸ்மண்ட் மோரிஸ், பீட்டர் காலெட், பீட்டர் மார்ஷ், மேரி ஓ'ஷானஸி ஆகிய நால்வர் சேர்ந்து 1979இல் வெளியிட்ட சைகைகள் பற்றிய ஆய்வு. 20 சைகைகளின் படங்களை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் 40 ஊர்களுக்குப் போய், தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "இது இங்கே வழக்கில் உண்டா? என்ன பொருள்?" என்று கேட்டார்கள். ஊருக்கு 30 பேராக 1,200 பேர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதியது அல்ல, நடந்து திரிந்து எழுதியது.

அந்த நூலின் பெரிய சாதனை, சைகையின் எல்லை நாட்டின் எல்லை அல்ல என்று காட்டியது. தலையைப் பின்னால் சொடுக்கி "இல்லை" என்று சொல்வது இத்தாலியின் தெற்கில் உண்டு, வடக்கில் இல்லை. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் ஓரிடத்தில் அந்த வழக்கம் நின்றுவிடுகிறது. தெற்கே பழங்காலத்தில் கிரேக்கர் குடியேறியதுதான் இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய குடியேற்றம் இன்றைய மனிதரின் கழுத்தில் இருக்கிறது. குடிபெயர்ந்து வாழும் நம்மைப் போன்றவர்கள் இதைப் படிக்கும்போது ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்கத்தான் செய்வோம்.

ஆனால் அந்த நூலிலும் ஒரு குறை இருக்கிறது. அவர்கள் காட்டிய படத்தில் சைகை மட்டுமே இருந்தது. யார் யாருக்குக் காட்டுகிறார், எந்த நேரத்தில் காட்டுகிறார் என்பது அதில் இல்லை. "என்ன பொருள்?" என்று கேட்டால், பொருள் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று ஆகிவிடுகிறது. "சும்மாதான்" என்ற பதிலைக் குறித்துக்கொள்ள அந்தக் கேள்வித்தாளில் வழி இல்லை.

ஓர் எழுத்தின் பயணம்

இரண்டு விரல் இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். முதலில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்க வேண்டும். 1415இல் அஜின்கோர்ட் போரில், பிடிபட்ட ஆங்கில வில்லாளிகளின் இரண்டு விரல்களைப் பிரெஞ்சுக்காரர்கள் வெட்டுவதாக மிரட்டினார்களாம். வென்ற வில்லாளிகள் "இதோ பார், விரல் இருக்கிறது" என்று தூக்கிக் காட்டினார்களாம். கேட்க ரசமாக இருக்கிறது. அக்காலக் குறிப்பு எதிலும் வில்லாளிகள் விரலைத் தூக்கிக் காட்டியதாக இல்லை. ழான் தெ வாவ்ரான் என்ற வரலாற்றாசிரியர், பிரெஞ்சுக்காரர்கள் விரலை வெட்டுவார்கள் என்று அரசர் தம் படையிடம் பேசியதாக எழுதுகிறார். அதுவும் மூன்று விரல்! ஆங்கிலேயரின் அந்த வசவுச் சைகைக்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான சாட்சி 1901ஆம் ஆண்டுத் திரைப்படத் துண்டு ஒன்று. ராதர்ஹாம் என்ற ஊரில் இரும்பாலை வாசலில் படக்கருவியைப் பார்த்த தொழிலாளி ஒருவர், தன்னைப் படம் பிடிப்பது பிடிக்காமல் புறங்கை தெரிய இரண்டு விரலை ஆட்டுகிறார். படக்கருவிக்கு முன்னால் இரண்டு விரல் அன்றே வந்துவிட்டது. ஆனால் அது சிரிப்போடு வரவில்லை.

வெற்றிச் சைகையின் பிறப்பு வேறு. 1941 ஜனவரி 14ஆம் நாள், பி.பி.சி.யின் பெல்ஜிய ஒலிபரப்பில் விக்தர் தெ லாவலே என்பவர் தம் நாட்டவருக்கு ஒரு யோசனை சொன்னார். ஜெர்மானியர் பிடியில் இருந்த நாடு அது. பிரெஞ்சு பேசுவோர் பாதி, பிளெமிஷ் பேசுவோர் பாதி. இரு மொழிக்கும் பொதுவாக ஓர் அடையாளம் வேண்டும். பிரெஞ்சில் வெற்றிக்கு "விக்துவார்", பிளெமிஷில் விடுதலைக்கு "வ்ரைஹைட்". இரண்டுக்கும் ஆங்கில "வி" எழுத்துத்தான் முதலெழுத்து. அதைச் சுவரில் எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். அவ்வாண்டு ஜூலையில் சர்ச்சில் அதற்கு ஆதரவு தெரிவித்தார். சுவரில் இருந்த எழுத்து அவர் கையில் விரலாயிற்று. தொடக்கத்தில் அவர் சில சமயம் புறங்கை தெரியக் காட்டிவிடுவார் என்பதும் படங்களில் பதிவாகியிருக்கிறது. பிறகு உள்ளங்கைக்கு மாறினார்.

உள்ளங்கையா புறங்கையா என்பது அங்கே விளையாட்டு அல்ல. 1971இல் ஹார்வி ஸ்மித் என்ற குதிரையேற்ற வீரர், ஹிக்ஸ்டெட் பந்தயத்தில் வென்றதும் நடுவர்கள் இருந்த பக்கம் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். வசவு என்று சொல்லிப் பரிசைப் பறித்தார்கள். "நான் சர்ச்சில் காட்டியதைத்தான் காட்டினேன்" என்றார் அவர். இரண்டு நாளில் பரிசு திரும்பி வந்தது. 1992இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் (தந்தை) ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், காரில் இருந்தபடி போராட்டக்கார விவசாயிகளை நோக்கிப் புறங்கை தெரிய இரண்டு விரலைக் காட்டிவிட்டார். அவர் நினைத்தது ஒன்று, அவர்கள் பார்த்தது இன்னொன்று.

அமெரிக்காவிலும் அது ஒரே பொருளில் நிற்கவில்லை. 1960களில் வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் சர்ச்சிலின் போர்ச் சைகையை எடுத்துச் சமாதானச் சைகை ஆக்கினார்கள். அதே காலத்தில் அதிபர் நிக்சன் அதையே வெற்றி என்று காட்டினார். 1974 ஆகஸ்ட் 9ஆம் நாள் பதவி துறந்து ஹெலிகாப்டரில் ஏறும்போதுகூட இரு கைகளையும் விரித்து இரண்டு இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார். போரை நடத்தியவர் கையிலும் அதே விரல், போரை எதிர்த்தவர் கையிலும் அதே விரல். நாட்டுக்கு ஒரு பொருள் என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

அடுத்து ஜப்பான். அங்கே இதற்குப் பெயரே "பீஸ்". அது பரவியதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. 1960களின் கடைசியில் கைப்பந்து விளையாட்டை வைத்து வந்த, தலைப்பிலேயே "வி" எழுத்து இருந்த சித்திரக்கதையும் தொலைக்காட்சித் தொடரும் ஒன்று. 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனத்தில் கீழே விழுந்தும் சிரித்தபடி எழுந்து வெண்கலம் வென்ற அமெரிக்கப் பெண் ஜேனட் லின் இன்னொன்று. அதே ஆண்டில் பாடகர் இனோவே ஜுன் ஒரு கேமரா விளம்பரத்தில் காட்டிய இரண்டு விரல் மற்றொன்று. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு "இதுதான் மூலம்" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பழக்கம் ஒரே வாய்க்கால் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பது கதை சொல்கிறவர்களின் ஆசை. ஒன்று மட்டும் தெளிவு. ஜப்பானில் அது கேமராவோடு ஒட்டிக்கொண்டது. படம் எடுக்கும்போது கைக்கு ஒரு வேலை கிடைத்தது. கொரியாவிலும் தைவானிலும் அது பெருவழக்கு. அங்கிருந்து வரும் பாட்டும் நாடகமும் இன்று நம் பிள்ளைகளின் போனில். திண்டுக்கல் வழியாக அது அவர்களிடம் வரவில்லை.

நம் ஊரில் இரண்டு விரல்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். அ.தி.மு.க. 1972 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 1973இல் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றார். அதன்பின் எம்.ஜி.ஆர். மேடையிலும் வேனிலும் நின்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டினால், அது இலை. சர்ச்சிலை அறியாத பாட்டிக்கும் அது இலை. பிறகு ஜெயலலிதா காட்டியபோதும் அதுவே.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக 1951-52 பொதுத் தேர்தலிலேயே சின்னங்கள் வந்துவிட்டன. எல்லாச் சின்னத்தையும் கையால் காட்ட முடியாது. சைக்கிளை விரலால் காட்டுவது கடினம், மாம்பழமும் அப்படித்தான். இரட்டை இலைக்கு இரண்டு விரல் போதும். உதயசூரியனுக்கு ஐந்து விரலையும் கதிர்போல விரித்தால் போதும். காங்கிரசுக்குக் கையே சின்னம். ஒலிபெருக்கியின் சத்தம் எட்டாத தூரத்தில் நிற்கிறவனுக்கும் விரல் தெரியும். ஒரு சைகை எங்கே செல்வாக்குப் பெறுகிறது, எங்கே பெறவில்லை என்பதற்கு இப்படிப்பட்ட எளிய காரணங்களும் உண்டு. பண்பாடு, மரபு என்று எப்போதும் பெரிய சொற்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சின்னத்தின் கதையும் விரலைப் பாதித்தது. எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி பிளந்து, 1989 சட்டமன்றத் தேர்தலில் ஒரு பிரிவு சேவலிலும் இன்னொரு பிரிவு இரட்டைப் புறாவிலும் நின்றது. இலை முடங்கிக் கிடந்தது. மறுபடியும் 2017 மார்ச்சில் முடக்கப்பட்டு நவம்பரில் திரும்பி வந்தது. ஒரு சைகைக்குப் பொருள் இருக்கிறதா இல்லையா என்பது தேர்தல் ஆணையத்தின் தீர்ப்பைப் பொறுத்து நின்ற அதிசயம் இது.

இன்னொரு வேடிக்கை: தெ லாவலே தேடிய "வி" எழுத்து நம் "வெற்றி"க்கும் பொருந்துகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்கும் "வி"தான் முதலெழுத்து. ஆனால் தமிழ்நாட்டில் வேறு கட்சிக்காரர் வெற்றி என்று எண்ணி இரண்டு விரலைத் தூக்கிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் சட்டென்று கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவார். உலகம் முழுவதும் செல்லும் நாணயம் அங்கே ஒரு கட்சியின் கஜானாவுக்குள் போய்விட்டது.

கட்சிக்கு முன்னாலும் நம் ஊரில் இரண்டு விரல் இருந்தது. நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது சண்டை போட்டால் சுண்டுவிரலை நீட்டிக் "காய்" விடுவோம். சமாதானம் ஆனால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டிப் "பழம்" விடுவோம். சில ஊர்களில் இதையே "டூ", "சேத்தி" என்பார்கள். அமெரிக்க இளைஞர்களுக்கு 1960களில் கிடைத்த சமாதானச் சைகை, அவர்களைக் கேட்காமலே நம் திண்ணையிலும் இருந்தது. வியட்நாம் அளவுக்கு இல்லை. பம்பரச் சண்டை அளவுக்கு.

நடன வகுப்புக்குப் போகும் உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். இதே இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போல விரித்தால் கர்த்தரீமுகம். அபிநயதர்ப்பணம் அதற்குச் சொல்லும் பயன்களில் முதன்மையானது காதலர் பிரிவு. விரிக்காமல் சேர்த்து நிமிர்த்தினால் அர்த்தபதாகம். அதற்குத் தளிர் என்றும் "இரண்டும்" என்றும் பொருள் உண்டு. தளிர், இரண்டு! உடனே "அன்றே இரட்டை இலை" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இது தற்செயல். அதே கைக்குப் பலகை, கரை, கத்தி, கோபுரம் என்றும் பயன்கள் இருக்கின்றன. விரல்கள் பத்து, சொல்ல வேண்டியவை ஆயிரம். ஒரே கை பல வேலை பார்த்துத்தான் ஆக வேண்டும்.

உரைகாரர் தரும் அளவுகோல்

இங்கேதான் நம் பழைய உரைகாரர் ஒருவர் கைகொடுக்கிறார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன் அறிந்திருக்க வேண்டிய கைகளைப் பற்றிப் பேசுகிறது. ஒற்றைக் கை பிண்டி, இரட்டைக் கை பிணையல். இது வடிவத்தை வைத்துப் பிரித்தது. பயனை வைத்துப் பிரிக்கும்போது அடியார்க்கு நல்லார் மூன்று வகை சொல்கிறார். அழகு பெறக் காட்டுவது எழிற்கை. தொழில் பெறக் காட்டுவது தொழிற்கை. பொருள் பெறக் காட்டுவது பொருட்கை. உ.வே. சாமிநாதையர் 1892இல் அந்த உரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்ததால் இது நமக்குக் கிடைத்தது.

மேடைக்குச் சொன்னதை நான் வீதிக்கு இழுத்து வருகிறேன். புலவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இழுத்து வந்து பார்த்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

சர்ச்சில் காட்டியது பொருட்கை. "வெல்வோம்" என்ற ஒரு வாக்கியத்தை அந்த விரல் சொல்கிறது. வேனில் நின்று வாக்குக் கேட்கிறவர் காட்டும் இரண்டு விரல் வெறும் பொருளோடு நிற்பதில்லை. அது ஒரு தொழிலைச் செய்கிறது, வாக்குக் கேட்கிறது. வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்பதை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுக்கிறது. அந்த எல்லைக்குள் நின்று ஒருவர் வாக்காளரைப் பார்த்து இரண்டு விரலை ஆட்டினால் தகராறு வருமே, ஏன்? வெறும் விரல்தானே என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அது தொழிற்கை என்று எல்லாருக்கும் தெரிகிறது.

சப்போரோவில், சியோலில், நம் மேடையில் பிள்ளைகள் காட்டுவது எழிற்கை. அது எதையும் சொல்லவில்லை. கையை அழகாக வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. "என்ன பொருள்?" என்று அதைக் கேட்பது, கோலத்தைப் பார்த்து "இது என்ன வார்த்தை?" என்று கேட்பதுபோல. மோரிஸ் குழுவினரின் கேள்வித்தாளில் "சும்மாதான்" என்பதற்கு இடம் இல்லாமல் போனது இதனால்தான். எல்லாக் கையும் பொருட்கை என்று எடுத்துக்கொண்டே அவர்கள் புறப்பட்டார்கள். நம் உரைகாரரோ, பொருள் சொல்லாத கையும் கைதான் என்று முன்னமே ஒதுக்கி ஓர் இடம் வைத்திருந்தார்.

ஒரே சைகை காலப்போக்கில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு நகரும் என்பதையும் இந்த அளவுகோல் காட்டுகிறது. போரில் பொருட்கையாகத் தொடங்கியது, போராட்டத்தில் எதிர்ப்பொருள் பெற்று, கேமராவுக்கு முன்னால் பொருள் உதிர்ந்து எழிற்கை ஆயிற்று. தமிழ்நாட்டில் அதே விரல் தொழிற்கை ஆயிற்று. நாடுகளுக்கிடையே பொருள் மட்டும்தான் வேறுபடுகிறது என்று எண்ணியது தவறு. சைகை செய்யும் வேலையே வேறுபடுகிறது.

பெரியவரின் கேள்வி

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, உங்க எழிற்கை, பொருட்கை எல்லாம் சரி. பிள்ளைங்க சும்மா காட்டுச்சுங்க, ஒத்துக்கறேன். ஆனா மலர் ஊருக்குப் போகும். என் தம்பி பார்ப்பான். அவன் கண்ணுக்கு அது என்னவாத் தெரியும்? காட்டுறவன் நெனைக்கிறது மட்டும்தான் கணக்கா? பார்க்கிறவன் கணக்கு இல்லையா?" என்றார்.

எனக்கு வாயடைத்துவிட்டது. ஹார்வி ஸ்மித்தும் கான்பெராவும் நானே எழுதியவைதாமே. அங்கெல்லாம் பார்த்தவர் கணக்கைத்தான் நான் பேசியிருக்கிறேன். நம் பிள்ளைகள் என்று வரும்போது மட்டும் காட்டியவர் கணக்கைப் பிடித்துக்கொண்டேன். என் கட்டுரையில் இருந்த ஓட்டையை அவர் ஒரே கேள்வியில் காட்டிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன்: "ஐயா, நீங்க ஊரை விட்டு வந்தது 74. அப்போ அந்த இடைத்தேர்தல் முடிஞ்சு ஒரு வருஷம்தான். உங்க கண்ணுல அந்த இலை அப்படியே பச்சையா நிக்குது. ஊர்ல இருக்கிற உங்க தம்பி பேரன் இன்னிக்குப் போட்டோவுக்கு எப்படி நிக்கிறான்னு பார்த்திருக்கீங்களா?" அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து, குடும்பக் குழுவில் வந்திருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் நிறுத்தினார். காதுகுத்து விழா. ஐந்தாறு பிள்ளைகள். எத்தனை விரல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் எந்தக் கட்சி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அது இலைக் கட்சி இல்லை.

வெளியூரில் வாழும் நமக்கு நேர்வது இது என்று நினைக்கிறேன். ஊரை விட்டுக் கிளம்பிய ஆண்டோடு நம் சைகை அகராதி அச்சாகி நின்றுவிடுகிறது. அதன் பிறகு ஊர் தன் அகராதியில் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது. நாம் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, நம் வீட்டுப் பிள்ளைகளையே தப்பாகப் படிக்கிறோம். பிள்ளைகளிடமோ பழைய பதிப்பு இல்லவே இல்லை. இரண்டு விரல் ஒரு காலத்தில் என்ன பாடு படுத்தியது என்று அவர்களுக்கு நாம் சொன்னதும் இல்லை. சொல்லாததை அவர்கள் அறியவில்லை என்று கோபிக்கலாமா?

பெரியவர் சொன்ன பார்க்கிறவர் கணக்கும் நிற்கத்தான் செய்கிறது. அதை நான் தள்ளவில்லை. இலையையே தெய்வமாக நினைக்கும் கண்ணும் ஊரில் இருக்கிறது, இலையைக் கண்டாலே எரியும் கண்ணும் இருக்கிறது. அந்தக் கண்களுக்கு ஒரு விளக்கம் தர நாம் கடமைப்பட்டவர்கள். விளக்கம் தருவதற்குப் பதிலாகப் படத்தையே எடுத்துவிடுவதுதான் தவறு. அதில் நானும் பங்குகொண்டேன் என்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

அடுத்த கூட்டத்தில் பெரியவரே பேசினார். "படத்தைப் போடுங்க. ஆனா தம்பி எழுதினதையும் பக்கத்துலயே போடுங்க. எவனாவது கேட்டா இதைப் படிச்சுக்கோன்னு சொல்லிரலாம்" என்றார். ஆகவே இக்கட்டுரைக்குப் பெரிய புலமை நோக்கம் எதுவும் இல்லை. ஒரு படத்துக்கு ஜாமீன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரை ஊருக்கு அனுப்பும்போது பிள்ளைகள் பக்கத்தோடு இந்தப் பக்கத்தையும் மடித்துவைத்து அனுப்புங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், காய், பழம் விடுவது எப்படி என்று ஒருமுறை காட்டிக்கொடுங்கள். மாற்றலாகிப் போன அந்தச் சிறுமிக்கு இரண்டு பிரதிகள் தபாலில் போயிருக்கின்றன.